கணக்கு சரியாக வருகிறது, கட்டுரையை நம்பலாமா என்று கேட்டால் விழிக்கிறேன்: நோய்ப்பரவலியலை எங்கிருந்து தொடங்குவது?

தேன்மொழி

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு, முதல் பருவம். இளநிலையில் கணிதம் படித்தவள். மருத்துவப் பின்னணி கிடையாது.

நோய்ப்பரவலியல் (நோய் யாருக்கு, எங்கே, எதனால் வருகிறது என்று ஆராயும் துறை) தாளில் சூத்திரங்கள் எனக்குத் தொல்லை தரவில்லை. ஆபத்து விகிதம் (ஒரு கூட்டத்தின் நோய் ஆபத்து மற்றதைப்போல் எத்தனை மடங்கு), அதன் உறவான ஆட்ஸ் விகிதம், நம்பக இடைவெளி (உண்மை விடை இருக்கக்கூடிய எல்லை) எல்லாம் கணக்காக வந்தால் போட்டுவிடுகிறேன். ஆனால் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து, "இதை நம்பலாமா? எந்த அளவுக்கு?" என்று ஆசிரியர் கேட்டால் வாயடைத்துப்போகிறேன். பாடநூலில் ஒருதலைச் சாய்வுக்கு (விடையை ஒரே பக்கமாக இழுக்கும் பிழைக்கு) மட்டுமே பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் வழியா? எதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை பின்னால் வரும்?

பின்குறிப்பு: "எல்லாமே முக்கியம்" என்ற பதில் வகுப்பிலேயே கிடைத்துவிட்டது.

இளவழுதி

எல்லாமே முக்கியம்.

சரி, விளையாட்டு போதும். நான் புள்ளியியல்காரன். முதலில் எத்தனை பேரை வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்தது பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு. நூறு பேரைக்கூடத் தாண்டாத கட்டுரையை அப்படியே மூடிவிடலாம். நேரம் மிச்சம்.

பழம்பதிவேடு

இளவழுதியின் அறிவுரைக்குப் பிறகு வருகிறேன், கோபம் தணியட்டும்.

தேன்மொழி, சாய்வுகளின் பெயர்ப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யாரை யாரோடு ஒப்பிடுகிறார்கள், அந்த இரண்டு கூட்டமும் அங்கே எப்படி வந்து சேர்ந்தன? பட்டியலில் இருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் வெவ்வேறு மோசமான பதில்கள்தான்.

காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதிட்ட லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோவை எல்லோரும் பிராட் தெரு அடிகுழாயோடு நிறுத்திவிடுகிறார்கள். 1854 செப்டம்பர் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், காலரா நின்றது என்று கதை முடிந்துவிடும். உண்மையில் அதற்குள் சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது. மக்கள் அந்த வட்டாரத்தையே காலிசெய்து போயிருந்தார்கள். ஸ்னோவே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். முதுநிலை மாணவர் படிக்கவேண்டியது அவருடைய இன்னொரு வேலையை.

தென் லண்டனில் அப்போது இரண்டு தண்ணீர் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவில் குழாய் பதித்திருந்தன. சவுத்வார்க் அண்டு வாக்ஸ்ஹால் நிறுவனம் லண்டனின் கழிவு கலந்த தேம்ஸ் பகுதியில் தண்ணீர் எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு இடத்தை மேலே, கழிவு சேராத தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. அடுத்தடுத்த வீடுகளில் ஒன்றுக்கு அந்தத் தண்ணீர், ஒன்றுக்கு இந்தத் தண்ணீர். பணக்காரர், ஏழை, பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடே இல்லாமல் இரண்டும் கலந்து கிடந்தன. 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களுக்கு அவர் போட்ட கணக்கு இது: சவுத்வார்க் அண்டு வாக்ஸ்ஹால் தண்ணீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 சாவு; லாம்பெத் தண்ணீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 சாவு. பத்தாயிரம் வீடுகளுக்கு 315 ஒருபுறம், 37 மறுபுறம். எட்டு மடங்குக்கு மேல்.

இதில் எனக்குப் பிடித்தது எட்டு மடங்கு அல்ல. தங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர் வருகிறது என்று குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவர், தண்ணீர் வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார். ஸ்னோ என்ன செய்தார்? தண்ணீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்துப் பார்த்தார். கழிவும் கடலோதமும் எட்டும் இடத்தில் எடுத்த தண்ணீரில் உப்பு பல மடங்கு அதிகம். வெண்மையாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிடும். குடியிருப்பவரின் நினைவையோ ஊகத்தையோ நம்பாமல், யார் எதைக் குடித்தார் என்பதை அளந்தார். இன்றைய பாடநூலின் "தவறான வகைப்பாடு" அத்தியாயம் முழுவதும் அந்தச் சின்னக் குடுவைக்குள் இருக்கிறது.

இப்போது அந்த ஒரே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கூட்டமும் எப்படி வந்து சேர்ந்தன? யாரும் தங்கள் உடல்நலத்தைப் பார்த்துத் தண்ணீரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எவனோ ஒருவன் பேசி முடித்த குழாய் இணைப்பு. அதனால்தான் அந்த ஒப்பீடு நிற்கிறது. பி மதிப்பு என்ற ஒன்றே அன்று கிடையாது என்பதை இளவழுதி கவனிக்கவும்.

கயல்_செவிலியர்

ஐயா சொன்னதில் எனக்குப் பட்டது வேறு. 1,263, 98 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்திருந்தாலும் ஒருவர் கட்டுரை எழுதியிருப்பார். ஸ்னோ 40,046, 26,107 என்ற கீழ் எண்களைத் தேடிப் போனதுதான் வேலை. வார்டில் நாங்கள் பார்ப்பது எப்போதும் கோட்டுக்கு மேலே உள்ள எண்ணை மட்டும்தான். "இந்த மாதம் நிறைய பேர் வருகிறார்கள்" என்போம். எத்தனை பேரில் நிறைய?

தேன்மொழி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ் எண்ணில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் புதுநோய் வீதமும் (புதிதாக நோய் வருபவர்கள்) நோயிருப்பு வீதமும் (நோயோடு இருப்பவர்கள்) குழம்பாது. புதுநோய் வீதத்தின் கீழே, நோய் இன்னும் வராமல் வரக்கூடிய நிலையில் இருப்பவர்கள். நோயிருப்பு வீதத்தின் கீழே எல்லோரும். நோயிருப்பு என்பது ஏறத்தாழ புதுநோய் வீதத்தை நோய் நீடிக்கும் காலத்தால் பெருக்கியது. எச்ஐவிக்கு நல்ல மருந்து வந்தபின் தொற்றோடு வாழ்பவர்கள் கூடினார்கள். நோயிருப்பு வீதம் ஏறியதற்குக் காரணம் சாவு குறைந்தது. அதைக் கெட்ட செய்தியாகப் படிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

தேன்மொழி

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. ஒரு சந்தேகம். கீழ் எண் அவ்வளவு முக்கியம் என்றால், கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் கீழ் எண்ணே இல்லையே? நோயாளிகளைப் பிடிக்கிறோம், நோயில்லாதவர்களை நாமே இத்தனை பேர் என்று சேர்க்கிறோம். பிறகு எப்படி ஒரு விகிதம் சொல்ல முடிகிறது? "கேஸ்-கன்ட்ரோல் என்றால் ஆட்ஸ் விகிதம்" என்று மட்டும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை.

ஈரிரண்டு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தாளும் பேனாவும் எடுங்கள்.

ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் 1950-இல் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய் ஆய்வு. ஆண்கள் மட்டும்: 649 நோயாளிகள், அதே எண்ணிக்கையில் வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 649 ஒப்பீட்டாளர்கள். நோயாளிகளில் புகைத்தவர் 647, புகைக்காதவர் 2. ஒப்பீட்டாளர்களில் புகைத்தவர் 622, புகைக்காதவர் 27.

முதலில் தவறான கணக்கைப் போடுங்கள். புகைத்தவர் மொத்தம் 1,269. அவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய். ஆக "ஆபத்து" 51 விழுக்காடு. புகைப்பவரில் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுநோயா? அபத்தம். இப்போது ஒப்பீட்டாளர்களை இரட்டிப்பாக்குங்கள்: புகைத்தவர் 1,244, புகைக்காதவர் 54. அதே "ஆபத்து" 34 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. உலகத்தில் எதுவும் மாறவில்லை. நீங்கள் இன்னும் கொஞ்சம் பேரிடம் பேசினீர்கள், அவ்வளவுதான். ஆய்வாளரின் வசதிக்கேற்ப மாறும் எண் ஆபத்து ஆகாது.

இப்போது குறுக்குப் பெருக்கல். 647 × 27 வகுத்தல் 2 × 622. விடை 14. ஒப்பீட்டாளர்களை இரட்டிப்பாக்கிய பிறகு: 647 × 54 வகுத்தல் 2 × 1,244. மறுபடியும் 14. மேலும் கீழும் ஒரே 2 வந்து அடிபட்டுப்போகிறது. நீங்கள் எத்தனை ஒப்பீட்டாளர்களை எடுத்தாலும் அசையாமல் நிற்கும் எண் என்பதால்தான் ஆட்ஸ் விகிதம். நோய் அரிதாக இருந்தால் அது ஆபத்து விகிதத்துக்கு மிக அருகில் வரும். நோய் பரவலாக இருந்தால் வராது. ஆபத்து விகிதத்தைவிட மிகைப்படுத்திக் காட்டும். பத்து பேரில் நாலு பேருக்கு வரும் தலைவலிக்கு ஆட்ஸ் விகிதம் 3 என்று போட்டுவிட்டு "மூன்று மடங்கு ஆபத்து" என்று தலைப்பு வைக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் தாளைக் கிழிக்கத் தோன்றும்.

சும்மா சேர்க்கிறேன்: அந்த ஆய்வில் ஓராண்டாவது நாளுக்கு ஒரு சிகரெட் என்ற அளவில் புகைத்திருந்தாலே "புகைத்தவர்" கணக்கு. அவ்வளவு தளர்வாக வரையறுத்தும் 14 வந்திருக்கிறது.

இளவழுதி

அழகான விளக்கம். ஆனால் கவனியுங்கள், கீழ் இடது கட்டத்தில் வெறும் 2 பேர். அதில் இன்னொருவர் கூடினால் 14 என்பது 9 ஆகிவிடும். எண்ணிக்கை முக்கியம் என்று சொன்னதற்குத்தான் என்மேல் பாய்ந்தீர்கள்.

ஈரிரண்டு

எண்ணிக்கை முக்கியம்தான். "நூறுக்குக் கீழே என்றால் மூடிவிடு" என்பதுதான் வம்பு.

1971. பாஸ்டனில் இளம்பெண்களிடம் யோனிப் புற்றுநோயின் மிக அரிதான ஒரு வகை அடுத்தடுத்துத் தென்பட்டது. 8 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் நாலு பேர் வீதம் 32 ஒப்பீட்டாளர்கள். மொத்தம் 40 பேர், உங்கள் கணக்கில் குப்பை. தாய்மார்களிடம் கேட்டார்கள். 8 பேரில் 7 பேரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்து எடுத்திருந்தார்கள், கருச்சிதைவைத் தடுப்பதற்காக. 32 பேரில் ஒருவர்கூட இல்லை. குறுக்குப் பெருக்கல் போட்டால் சூத்திரமே படுத்துவிடும், கீழே பூஜ்ஜியம். ஆனால் இந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு யாருக்காவது தூக்கம் வருமா? அதே ஆண்டில் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. இதே கேள்விக்குக் கோஹார்ட் (பின்தொடர்) ஆய்வு என்றால், பிறந்த பெண் குழந்தைகளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து காத்திருக்க வேண்டும்.

பழம்பதிவேடு

இப்போது எதிர்ப்பக்கம். 1981-இல் வந்த கணையப் புற்றுநோய் ஆய்வு: 369 நோயாளிகள், 644 ஒப்பீட்டாளர்கள். பெரிய ஆய்வு, நல்ல பி மதிப்பு, புகழ்பெற்ற இதழ். காபி குடிப்பதற்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று வந்தது. உலகம் முழுவதும் செய்தியானது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

என்ன நடந்தது? ஒப்பீட்டாளர்களை, அந்தப் புற்றுநோயாளிகளைப் பார்த்த அதே மருத்துவர்களின் மற்ற நோயாளிகளிலிருந்து எடுத்தார்கள். கணைய நோயைப் பார்ப்பவர் யார்? வயிறு, குடல் மருத்துவர். அவரிடம் வரும் மற்றவர்களுக்கு என்ன நோய்? வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல், குடல் தொல்லை. அவர்களில் பலர் தாமாகவோ மருத்துவர் சொல்லியோ காபியைக் குறைத்தவர்கள். ஆக நோயாளிகள் அதிகமாகக் குடிக்கவில்லை. ஒப்பீட்டாளர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகக் குடித்தார்கள்.

ஒப்பீட்டாளர்கள் எதற்காக? நோயாளிகள் எந்த மக்கள்தொகையிலிருந்து வந்தார்களோ, அந்த மக்கள்தொகையில் இந்தப் பழக்கம் எவ்வளவு என்று காட்டுவதற்காக. தேன்மொழி கேட்ட "இல்லாத கீழ் எண்" அதுதான். அவர்கள் கீழ் எண்ணின் பிரதிநிதிகள். இந்த நோய் இவருக்கு வந்திருந்தால் இந்த ஆய்வில் நோயாளியாகச் சேர்ந்திருப்பாரா என்று ஒவ்வொரு ஒப்பீட்டாளரைப் பார்த்தும் கேளுங்கள். அதோடு, அவரை ஒப்பீட்டாளராகத் தேர்ந்த விதத்துக்கும் நாம் ஆராயும் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். காபி ஆய்வு இரண்டாவது கேள்வியில் சறுக்கியது. 644 பேருக்குப் பதில் 64,400 பேரை எடுத்திருந்தால்? தவறான விடை இன்னும் குறுகிய நம்பக இடைவெளியோடு வந்திருக்கும்.

இளவழுதி

கடைசி வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன், எரிச்சலோடு. தற்செயல் பிழை எண்ணிக்கை கூடினால் சுருங்கும், முறைப்பிழை சுருங்காது. ஆனால் சறுக்கல் தெரிந்தால் சரிக்கட்டிவிடலாமே? வயது, பாலினம், புகை, உணவு, வருமானம் என்று கையில் இருக்கும் எல்லா மாறிகளையும் பின்னடைவு மாதிரியில் (பல மாறிகளின் விளைவை ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டும் கணக்கில்) போட்டால் முடிந்தது.

அம்புக்குறி

"எல்லா மாறிகளையும்" என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

சரிக்கட்டவேண்டிய மாறிக்கு முதலில் நல்ல உதாரணம். ஸ்னோவின் காலத்திலேயே வில்லியம் ஃபார் என்ற பெரிய புள்ளியியலாளர் இருந்தார். 1849 காலரா சாவுகளைக் கணக்கிட்டு, தேம்ஸ் ஆற்றின் மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூடச் சாவு குறைகிறது என்று காட்டினார். மிகச் சீரான தொடர்பு. நாற்றக்காற்றால் நோய் வருகிறது என்ற அன்றைய கொள்கைக்கு அச்சாகப் பொருந்தியது: தாழ்ந்த இடத்தில்தானே கெட்ட காற்று தேங்கும்? எண்கள் பொய்யில்லை. ஆனால் தாழ்ந்த பகுதிகளுக்கு ஆற்றின் கீழ்ப்பகுதித் தண்ணீர் போனது. உயரம் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு வந்த துணை. ஃபாரும் சளைத்தவரல்லர், 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது தண்ணீர் நிறுவனத்தைத்தான் முதலில் சந்தேகித்தார்.

ஆக, குழப்பக் காரணி என்பது நாம் ஆராயும் காரணியோடும் நோயோடும் தொடர்புள்ளது. அந்தக் காரணியின் விளைவாக வருவதாக இருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் "எல்லா மாறிகளையும் போடு" கட்சி மறந்துவிடுகிறது.

மறந்தால் என்ன ஆகும்? புகைக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறப்பு எடை குறைவு, சாவும் அதிகம். சரி. ஆனால் எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், புகைக்கும் தாயின் குழந்தை புகைக்காத தாயின் குழந்தையைவிட அதிகமாகப் பிழைக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இந்த முடிவு பெரிய சர்ச்சையானது. எடை குறைந்த குழந்தைக்குப் புகை நல்லதா?

இல்லை. எடை குறைவதற்குப் பல வழிகள் உண்டு. தாய் புகைத்தால் குறையும். பிறவிக் கோளாறு போன்ற கடுமையான காரணங்களாலும் குறையும். தாய் புகைக்கவில்லை, ஆனாலும் எடை குறைவு என்றால், அந்தக் குழந்தைக்கு இரண்டாவது வகைக் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் பிறப்பு எடையைச் சரிக்கட்டிய மறுகணம், புகைப்பவரின் குழந்தையைக் கடுமையான நோயுள்ள குழந்தைகளோடு ஒப்பிடத் தொடங்கிவிடுகிறீர்கள். சரிக்கட்டுவதற்கு முன் இல்லாத சாய்வை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள்.

எது எதற்கு முன்னால், எது எதனால் என்று அம்புகள் போட்டுப் படம் வரையுங்கள். அதன் பிறகு மென்பொருளைத் திறங்கள். படம் வரைய நோயைப் பற்றிய அறிவு வேண்டும். அதைத் தரவு தராது.

இளவழுதி

படம் தவறாக இருந்தால்?

அம்புக்குறி

தவறு எங்கே என்று சுட்டிக்காட்டிச் சண்டை போடலாம். பின்னடைவு மாதிரியில் பதினேழு மாறிகளைக் கொட்டியவரோடு எதைப் பற்றிச் சண்டை போடுவது?

தேன்மொழி

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. அப்படியானால் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் மருத்துவப் பரிசோதனையைத் தவிர எதையும் நம்பக்கூடாது என்று முடிவெடுத்துவிடலாமா? பாடநூலில் அந்தப் பிரமிடு படம் இருக்கிறதே, உச்சியில் பரிசோதனைகள், அடியில் தனி நோயாளிக் குறிப்புகள்?

பழம்பதிவேடு

அந்தப் பிரமிடு எனக்கு ஆகாது. புகைப்பது நுரையீரலைக் கெடுக்கும் என்று குலுக்கல் போட்டு யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது, பாதிப் பேரை முப்பது ஆண்டுகள் புகைக்க வைக்க எந்த அறநெறிக் குழு ஒப்புக்கொள்ளும்? டாலும் ஹில்லும் 1951-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பி, அவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். அது ஐம்பது ஆண்டுகள் ஓடியது. புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார் என்பது அதன் விடை. வெறும் பின்தொடர் ஆய்வுதான்.

ஆனால் பயப்படவேண்டிய கதையும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மருந்து. பின்தொடர் ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக, மருந்து எடுப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்றன. பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தைச் சோதித்தார்கள். 2002-இல், சராசரி 5.2 ஆண்டுகளில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது. மாரடைப்பும் குறையவில்லை, ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல்.

"மருந்து எடுப்பவர்கள் வசதியானவர்கள், உடலைப் பேணுபவர்கள், அதனால்தான் முன்பு நன்றாகத் தெரிந்தது" என்பது வழக்கமான விளக்கம். அது பாதிதான். இன்னொரு பாதியைக் கூர்ந்து பாருங்கள். பின்தொடர் ஆய்வில் "தற்போது மருந்து எடுப்பவர்" என்று குறிக்கப்பட்டவர்கள் யார்? பல ஆண்டுகளாக எடுத்து, ஒன்றும் ஆகாமல் தொடர்பவர்கள். மாரடைப்பு ஆபத்து மருந்து தொடங்கிய முதல் ஆண்டில்தான் அதிகம். அந்த ஆண்டில் பாதிக்கப்பட்டவர்கள் எடுப்பவர் பட்டியலுக்குள் வருவதற்கு முன்பே கழிந்துவிட்டார்கள். மறுபடியும் அதே கேள்விதான்: இந்தக் கூட்டம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? 2008-இல் அதே பின்தொடர் தரவை எடுத்து, மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, பரிசோதனையைப் போலவே அமைத்துப் பார்த்தார்கள். முரண்பாட்டின் பெரும்பகுதி கரைந்துபோனது.

குலுக்கல் என்ன செய்கிறது என்றால், "எப்படி வந்து சேர்ந்தார்கள்" என்ற கேள்விக்குத் "தற்செயலாக" என்ற பதிலை உறுதிசெய்கிறது. அவ்வளவே. பாதிப் பேர் நடுவில் போய்விட்டால் அந்த உறுதியும் போய்விடும். குலுக்கல் போட முடியாத இடத்தில், போட்டிருந்தால் என்ன பரிசோதனை செய்திருப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கையிலுள்ள கட்டுரை அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பாருங்கள். ஆசிரியர் கேட்கும் "எந்த அளவுக்கு நம்பலாம்" என்பதற்கு அந்த விலகல்தான் பதில்.

கயல்_செவிலியர்

நடுவில் ஒன்று. நோயைக் கண்டறியும் சோதனைகள் பற்றிய கட்டுரைகளிலும் கீழ் எண்தான் ஆளை ஏமாற்றும். நோயுள்ளவரில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 95 விழுக்காட்டைச் சரியாக விலக்கும் என்று ஒரு சோதனை. 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்றால், 90 பேர் சரியாகவும் 495 பேர் தவறாகவும் "நோய் உண்டு" என்று வருவார்கள். அப்படி முடிவு வந்தவர்களில் உண்மையில் நோயுள்ளவர் 15 விழுக்காடு. அதே சோதனையை 10,000-இல் 2,000 பேருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் செய்தால் 82 விழுக்காடு. சோதனை மாறவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் மருத்துவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

இளவழுதி

சரி, எண்ணிக்கையும் போயிற்று, பி மதிப்பும் போயிற்று. ஒரு தொடர்பு உண்மையில் காரணமா என்று பார்க்கும் பிராட்ஃபோர்ட் ஹில்லின் ஒன்பது அளவுகோல்கள் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, ஆறுக்கு மேல் வந்தால் காரணம் என்று முடிவுகட்டலாமா?

அம்புக்குறி

வேண்டுமென்றே சீண்டுகிறீர்கள் என்று தெரிகிறது. இருந்தாலும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஹில் 1965 உரையில் அவற்றை அளவுகோல் என்று வைக்கவில்லை. காரணம் என்று முடிவெடுப்பதற்கு முன் பார்க்கவேண்டிய பக்கங்கள் என்றார். எதுவும் மறுக்க முடியாத சான்று இல்லை, எதுவும் கட்டாயமும் இல்லை என்றும் சொன்னார். காலவரிசை ஒன்றுக்கு மட்டும் விலக்கு கிடையாது: காரணம் முன்னே, நோய் பின்னே. அதே உரையில் பி மதிப்பைத் தரும் முக்கியத்துவச் சோதனைகளைக் கண்மூடித்தனமாக நம்புவதையும் கடிந்திருக்கிறார், இளவழுதி.

தேன்மொழி

எல்லோரும் சொன்னதை வைத்துக்கொண்டு, வகுப்பில் கொடுத்த பயிற்சியைத் திரும்ப எடுத்தேன். 1940 ஏப்ரல் 18, நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ பகுதியில் ஒரு தேவாலய விருந்து. வந்தவர்களில் 75 பேரை விசாரித்தார்கள், 46 பேருக்கு வயிற்றுத் தொல்லை.

வெண்ணிலா ஐஸ்கிரீம்: சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் நோயுற்றார்கள், சாப்பிடாத 21 பேரில் 3 பேர். 80 விழுக்காடும் 14 விழுக்காடும். ஆபத்து விகிதம் 5.6. இது கோஹார்ட், கீழ் எண் கையில் இருக்கிறது, ஆகவே நேராக ஆபத்து விகிதம் போடலாம். இதுவரை சரிதானே?

சிக்கல் சாக்லேட் ஐஸ்கிரீமில். சாப்பிட்ட 47 பேரில் 25 பேர், 53 விழுக்காடு. சாப்பிடாத 27 பேரில் 20 பேர், 74 விழுக்காடு. விகிதம் 0.72. சாக்லேட் ஐஸ்கிரீம் நோயைத் தடுக்கிறதா? முன்பு இந்த வரியை அப்படியே விடைத்தாளில் எழுதியிருப்பேன்.

பழம்பதிவேடு

சாக்லேட் சாப்பிடாதவர்கள் அந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

தேன்மொழி

வெண்ணிலா எடுத்துக்கொண்டு சாக்லேட்டை விட்டவர்களா?

நிரூபிக்கவும் முடிகிறது ஐயா! மொத்த நோயாளிகளில் வெண்ணிலா சாப்பிடாதவர்கள் மூன்றே பேர். சாக்லேட் சாப்பிடாமல் நோயுற்றவர்கள் 20 பேர். ஆக அந்த 20 பேரில் குறைந்தது 17 பேர் வெண்ணிலா சாப்பிட்டிருக்கவேண்டும். சாக்லேட் காப்பாற்றவில்லை; அதைத் தவிர்த்தவர்கள் வெண்ணிலாப் பக்கம் போயிருக்கிறார்கள்.

அம்புக்குறி

பாதி நிரூபணம். சாக்லேட் சாப்பிட்டவர்களிடையே வெண்ணிலா குறைவாக இருந்ததா என்பதை இந்த இரண்டு அட்டவணைகளிலிருந்து சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு வரியாக எழுதிய வரிப்பட்டியலைத் திறந்து, வெண்ணிலா சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று பிரித்து, சாக்லேட்டுக்குத் தனித்தனியாக இரண்டு அட்டவணை போடுங்கள். இரண்டாவதில் 21 பேர்தான் இருப்பார்கள், எண்கள் ஆட்டம் காணும், அதை இளவழுதியிடம் விட்டுவிடலாம்.

இளவழுதி

சிறிய எண்களுக்கான ஃபிஷர் சோதனை போட்டுத் தருகிறேன். பி மதிப்போடு.

ஈரிரண்டு

வெண்ணிலா சாப்பிடாமலே நோயுற்ற அந்த மூன்று பேரையும் விடாதீர்கள். மறந்துபோய்த் தவறாகச் சொன்னார்களா, ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்திலும் போனதா, இல்லை வேறு காரணமா? கட்டுரையில் "3" என்று ஒரு கட்டத்துக்குள் போய்விட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது இருக்கட்டும். சாக்லேட் அட்டவணையில் 47-ம் 27-ம் சேர்ந்தால் 74. விசாரித்தது 75 பேரை. ஓர் ஆள் எங்கே?

தேன்மொழி

அவர் சாக்லேட் சாப்பிட்டாரா என்பதற்குப் பதில் பதிவாகவில்லை. 25-ம் 20-ம் 45, மொத்த நோயாளிகள் 46; எனவே அவர் நோயுற்றவர். சாப்பிட்டவராக வைத்தால் 48-க்கு 26, விகிதம் 0.73. சாப்பிடாதவராக வைத்தால் 28-க்கு 21, விகிதம் 0.71. எந்தப் பக்கம் வைத்தாலும் விடை அசையவில்லை. வரிப்பட்டியலைப் பிரித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.